எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸில் படம் பார்க்க: கேபிள் முதல் 24 ஹெர்ட்ஸ் வரை

மைக்ரோசாஃப்ட்டின் விளையாட்டுக் கன்சோலான எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸில் 4கே (3840 × 2160 புள்ளிகள்) புளூரே டிஸ்க் இப்போதுதான் என் மனதுக்குத் திருப்தியாக ஓடுகிறது. விளையாட்டுகள் பெட்டியைப் பிரித்த நாளிலிருந்தே அருமையாக ஓடின. படம்தான் இழுத்தடித்தது. விளையாட்டுக்காகக் கன்சோலும் டிவியும் செய்துகொள்ளும் ஏற்பாடுகள் வேறு, படம் கேட்கும் ஏற்பாடுகள் வேறு. இரண்டும் ஒரே கேபிள் வழியாக, ஒரே போர்ட்டுக்குள் நுழைவதால் ஒன்றுக்குச் செய்த வசதி மற்றதற்கு இடைஞ்சலாகிறது. அந்த இடைஞ்சல்களை எப்படி ஒவ்வொன்றாக நீக்கினேன் என்று எழுதுகிறேன். இதே கன்சோலைப் படம் பார்க்கவும் வாங்கியவர்களுக்கு உதவும்.

முதலில் வைக்கும் இடம். கன்சோல் 30.1 செ.மீ. உயரம், அகலமும் ஆழமும் 15.1 செ.மீ.; எடை 4.45 கிலோ. டிவி அலமாரித் தட்டின் உள் உயரம் 33 செ.மீ. என்பதால் நிற்க வைத்தால் உள்ளே போய்விடும். ஆனால் வெப்பக் காற்று வெளியேறுவது உச்சியில் இருக்கும் விசிறி வழியாக. மேலே மூன்று சென்டிமீட்டர் கூட மிஞ்சாது என்றால் அது கன்சோலுக்கு மூச்சு முட்டும் இடம். சுற்றிலும் 10 முதல் 15 செ.மீ. இடைவெளி விடுவது நல்லது. அதனால் படுக்க வைத்தேன். பக்கவாட்டில் ரப்பர் கால்கள் இருக்கின்றன, டிஸ்க் டிரைவும் அந்த நிலையில் ஒழுங்காக வேலை செய்கிறது. விசிறிப் பக்கம் அலமாரியின் திறந்த பக்கத்தைப் பார்த்தபடி இருக்கிறது. நிற்க வைப்பதற்கான வட்டமான அடித்தட்டு கழற்ற முடியாதது; படுக்க வைத்தால் அது ஒரு பக்கமாக ஒட்டிக்கொண்டு நிற்கும். பார்க்க அழகில்லைதான். ஆனால் இரண்டு மணி நேரம் ஓடிய பிறகு கையை வைத்துப் பார்த்தால் உடல் வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது, அது போதும்.

விளையாட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வேகம் அசத்துகிறது. ஒரு விளையாட்டை அப்படியே நிறுத்திவிட்டு இன்னொன்றுக்குப் போய், மீண்டும் வந்து விட்ட இடத்திலிருந்து தொடர முடிகிற வசதிதான் எனக்கு மிகப் பிடித்தது. விசிறிச் சத்தம் காதில் விழுவதே இல்லை. 1 டெராபைட் சேமிப்பில் பயனருக்குக் கிடைப்பது சுமார் 802 ஜிகாபைட். இன்றைய விளையாட்டுகளின் பருமனுக்கு அது சீக்கிரம் நிரம்பிவிடும்.

இனி படம். டிஸ்க்கைச் செருகியதும் ஓடிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். புளூரே பிளேயர் செயலியை ஸ்டோரிலிருந்து இறக்கி நிறுவ வேண்டும். முதல்முறை டிஸ்க்கைப் போடும்போது கன்சோலே அங்கே அழைத்துப் போகும். செயலி இலவசம், ஆனால் அந்த நேரத்தில் இணைய இணைப்பு இருந்தாக வேண்டும். கன்சோல்களில் படம் பார்ப்பதன் கதையைத் திரும்பிப் பார்த்தால் இது பெரிய சிரமமே அல்ல. 2001-இல் வந்த முதல் எக்ஸ்பாக்ஸில் டிவிடி பார்க்க ரிமோட்டும் அதன் ரிசீவரும் அடங்கிய தொகுப்பைத் தனியாக வாங்க வேண்டியிருந்தது. 2006-இல் பிளேஸ்டேஷன் 3 புளூரேயுடன் வந்தது. அதே ஆண்டில் எக்ஸ்பாக்ஸ் 360-க்கு, புளூரேக்குப் போட்டியான எச்டி டிவிடி டிஸ்க்குகளை ஓட்டும் டிரைவைத் தனியாக விற்றார்கள்; 2008 பிப்ரவரியில் தோஷிபா கைவிட்டதும் எச்டி டிவிடியின் கதை முடிந்தது. 4கே டிஸ்க் ஓட்டும் முதல் கன்சோல் 2016-இல் வந்த எக்ஸ்பாக்ஸ் ஒன் எஸ். சீரிஸ் எக்ஸ் அந்த வழியில் வந்தது. உடன்பிறப்பான சீரிஸ் எஸ்ஸில் டிரைவே கிடையாது என்பதை வாங்கும் முன் நினைவில் வையுங்கள்.

செயலி நிறுவி முதல் படத்தைப் போட்டதும் கண்ணில் பட்டது மூட்டம். இரவுக் காட்சி. தெருவிளக்கின் கீழே கறுப்புக் கோட்டு அணிந்த ஒருவர் நிற்கிறார். கோட்டு கறுப்பாக இல்லை. சாம்பல் நிறத்தில், அதன் மேல் பாலாடை படிந்தாற்போல் இருந்தது. விளக்கிலும் பளிச்சென்ற வெண்மை இல்லை. சந்தேகம் முதலில் டிஸ்க்கின் மேல் போனது, பிறகு எச்டிஆர் (இருளையும் வெளிச்சத்தையும் கூடுதல் வீச்சில் காட்டும் முறை) மேல் போனது. எச்டிஆரை அணைத்துப் பார்த்தேன், மூட்டம் அப்படியேதான் இருந்தது. அதனால் எச்டிஆருக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று தெரிந்தது.

காரணம் டிவி போர்ட்டில் இருந்தது. முன்பு அதே போர்ட்டில் ஒரு கணினி இணைந்திருந்தது. கணினி 0 முதல் 255 வரை முழு எண்வரிசையில் ஒளியைச் சொல்லும். படமோ 16-ஐக் கறுப்பாகவும் 235-ஐ வெள்ளையாகவும் கொள்ளும். கணினிக்காக முழு வரிசையில் விட்டிருந்த போர்ட், கன்சோல் அனுப்பும் 16-ஐக் கறுப்பு என்று புரிந்துகொள்ளாமல் அடர் சாம்பலாகக் காட்டிக்கொண்டிருந்தது. டிவியில் அந்தப் போர்ட்டின் கறுப்பு நிலையை ‘தானியங்கி’க்கு மாற்றினேன். கன்சோலில் வீடியோ ஃபிடிலிட்டி பக்கத்தில் கலர் ஸ்பேஸ் ‘ஸ்டாண்டர்ட்’ என்றே இருக்கட்டும் என்று விட்டேன். அங்கே இருக்கும் ‘பிசி ஆர்ஜிபி’ கணினித் திரைகளுக்கானது. மீண்டும் அதே காட்சி. கோட்டின் மடிப்புகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தன, பின்னால் இருந்த சுவர் இருட்டுக்குள் போனது. அதே மெனுவில் அந்தப் போர்ட்டுக்கான ‘மேம்பட்ட’ சிக்னல் வடிவத்தையும் இயக்கினேன். பல டிவிகளில் இதை ஒவ்வொரு போர்ட்டுக்கும் தனித்தனியாக இயக்க வேண்டும். இயக்காவிட்டால் 4கே எச்டிஆர் முழுமையாக வராது. கன்சோலின் ‘4கே டிவி விவரங்கள்’ பக்கத்தைத் திறந்தால் எந்தெந்த வசதிகளை டிவி ஏற்கிறது என்று டிக் போட்டுக் காட்டும். போர்ட்டை மாற்றுவதற்கு முன்னும் பின்னும் அந்தப் பக்கத்தைப் பார்த்தால் மாற்றம் தெளிவாகத் தெரியும்.

அடுத்து கேபிள். கன்சோலுடன் வந்த கேபிள் என் அலமாரியின் பின்புறம் சுற்றிவர நீளம் போதவில்லை. சுவரோரக் குழாய்க்குள் ஏற்கெனவே 5 மீட்டர் எச்டிஎம்ஐ கேபிள் ஒன்று கிடந்தது, அதையே பயன்படுத்தினேன். முகப்பு மெனுவில் திரை ஓரிரு விநாடி கறுத்து மீண்டு வரும். சில நேரம் வெள்ளைப் பொறிகள் தெறிக்கும். விசித்திரம் என்னவென்றால், பின்னால் 24 ஹெர்ட்ஸுக்கு, அதாவது நொடிக்கு 24 முறை படம் அனுப்பும் நிலைக்கு, மாற்றிய பிறகு படம் ஓடும்போது இந்தத் தொல்லை இல்லவே இல்லை. அதில்தான் விடை இருந்தது. நொடிக்கு 60 முறை 4கே படம் அனுப்பினால், நொடிக்கு 18 ஜிகாபிட் என்ற கேபிள் கொள்ளளவு ஏறத்தாழ நிரம்பிவிடும். 24 முறை என்றால் அதில் பாதியை ஒட்டிய அளவே போதும். பழைய கேபிள் பாதிச் சுமையைத் தாங்கியது, முழுச் சுமைக்குத் தடுமாறியது. கன்சோலும் இல்லை, டிவியும் இல்லை, கேபிள்தான் என்று அப்போது உறுதியானது.

48 ஜிகாபிட் வரை தாங்கும் ‘அல்ட்ரா ஹை ஸ்பீட்’ சான்று பெற்ற 3 மீட்டர் கேபிள் வாங்கினேன். உறையில் ஸ்கேன் செய்து சரிபார்க்கும் சான்று முத்திரை இருக்கிறதா என்று பார்த்துத்தான் எடுக்க வேண்டும். ‘8கே’ என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பது எந்த உத்தரவாதமும் ஆகாது. நீளத்தை அலமாரியின் பின்வழியாக நூல் பிடித்து அளந்து, வளைவுகளுக்காக 30 செ.மீ. கூட்டிக்கொண்டேன். தேவைக்கு மேல் நீளமாக வாங்குவதால் தொல்லை மட்டுமே மிஞ்சும். இந்த முழு வேலையிலும் மிகக் குறைந்த செலவு இதுதான், மிகப் பெரிய பலன் தந்ததும் இதுதான்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். நிறம் சரியான பிறகும், கேமரா மெதுவாக இடமிருந்து வலமாக நகரும் காட்சிகளில் படம் தத்தித் தத்திப் போனது. தூண்கள் வரிசையாக நிற்கும் ஒரு நீண்ட தாழ்வாரம். கேமரா அதன் பக்கவாட்டில் நகர்கிறது. ஒவ்வொரு தூணும் சற்று நின்று, சற்றுத் தாவி, மீண்டும் நின்று போவதாகத் தெரிந்தது. படம் முடிந்து பெயர்கள் மேலேறும்போது இன்னும் அப்பட்டம். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து நடுங்கியபடி ஏறியது. ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் பிறகு கதையில் மனம் ஒன்றாது.

கணக்கு எளிது. திரைப்படம் நொடிக்கு 24 பிரேம், அதாவது 24 தனிப் படங்கள். கன்சோல் டிவிக்கு அனுப்பியது நொடிக்கு 60. 60-ஐ 24 மீதியின்றி வகுக்காது. அதனால் ஒரு பிரேமை மூன்று முறையும் அடுத்ததை இரண்டு முறையும் மாற்றி மாற்றிக் காட்ட வேண்டியிருக்கிறது. ஒன்று 50 மில்லி விநாடி நிற்கும், அடுத்தது 33 மில்லி விநாடி மட்டுமே நிற்கும். ஒவ்வொன்றும் 41.7 மில்லி விநாடி சீராக நின்றிருக்க வேண்டியவை. தூண்கள் தத்தியதற்கு இந்த ஏற்றத்தாழ்வுதான் காரணம்.

இதைச் சரிசெய்ய முதலில் டிவியின் அசைவு மென்மையாக்கும் வசதியை இயக்கிப் பார்த்தேன். தத்தல் மறைந்தது உண்மை. பதிலுக்கு டிவி தானாகவே இடைப்பட்ட பிரேம்களைக் கற்பனை செய்து நிரப்பியது. கையை வேகமாக வீசினால் விரல்களைச் சுற்றி நீர்த்தடம் போல ஒரு விளிம்பு ஒட்டிக்கொண்டே போனது. ஒளிப்பதிவாளர் பார்த்துப் பார்த்து எடுத்த காட்சி, ஸ்டுடியோவில் படம்பிடித்த தொலைக்காட்சித் தொடர் மாதிரி ஆகிவிட்டது. அதை அணைத்துவிட்டேன். திரைப்படத்துக்கு அந்த வசதி வேண்டவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

சரியான இடம் கன்சோலின் வீடியோ மோட்ஸ் பக்கம். அங்கே ‘அலோ 24 ஹெர்ட்ஸ்’ என்ற கட்டத்தில் டிக் இல்லாமல் இருந்தது. டிக் போட்டேன்; அதன் கீழே இருந்த 50 ஹெர்ட்ஸ் கட்டத்துக்கும் போட்டேன். படத்தை மீண்டும் தொடங்கியபோது திரை ஓரிரு விநாடி கறுத்தது. டிவி ரிமோட்டில் தகவல் பட்டனை அழுத்தினேன். மூலையில் ‘3840 × 2160, 24 ஹெர்ட்ஸ், எச்டிஆர்’ என்று வந்தது. இந்தப் பட்டன்தான் இந்த வேலையில் என் அளவுகோல். மெனுவில் என்ன தேர்ந்தெடுத்தோம் என்பதை விட, டிவிக்கு உண்மையில் என்ன வந்து சேர்கிறது என்பதையே நம்ப வேண்டும்.

தாழ்வாரக் காட்சியை மீண்டும் ஓட்டினேன். தூண்கள் ஒரே சீராக நகர்ந்தன. என் டிவியின் திரை 120 ஹெர்ட்ஸ் வகை. 24-ஐ ஐந்தால் பெருக்கினால் 120. ஒவ்வொரு பிரேமும் சரியாக ஐந்து முறை. பெயர்கள் மேலேறும்போது எழுத்து நடுங்கவில்லை. 24 பிரேமுக்கே உரிய இயல்பான மெல்லிய விட்டுவிட்டு நகர்தல் இருக்கத்தான் செய்கிறது. திரையரங்கிலும் அது உண்டு, அது படத்தின் இயல்பு. படத்துக்குள் போகும்போதும் வெளியே வரும்போதும் திரை கறுப்பது மட்டும் இதன் விலை. மனமாரக் கொடுக்கிறேன்.

இதோடு ஒட்டிய இன்னொன்று கேம் மோட், அதாவது விளையாட்டுக்காகத் திரையின் தாமதத்தைக் குறைக்கும் டிவி அமைப்பு. விளையாட்டுக்காக டிவியில் அந்தப் போர்ட்டை நிரந்தரமாகக் கேம் மோடில் வைத்திருந்தால் படமும் அதே மோடில் வரும். நிறம் குளிர்ச்சியாக, நீலம் தூக்கலாக இருக்கும். டிவியில் கைமுறைக் கேம் மோடை எடுத்துவிட்டு, கன்சோலில் தானியங்கிக் குறை-தாமத வசதியை மட்டும் அனுமதித்தேன். விளையாட்டு தொடங்கினால் டிவி தானே கேம் மோடுக்குப் போகிறது, டிஸ்க் ஓடினால் திரும்புகிறது. படத்துக்கு ஃபிலிம்மேக்கர் மோட், அதாவது படத்தை எடுத்தபடியே காட்டும் டிவி அமைப்பு. கூர்மை பூஜ்யத்துக்கு அருகே.

அடுத்தது ஒலி. என் சவுண்ட்பார் டிவியின் ஆர்க் போர்ட்டில் (டிவியிலிருந்து ஒலியை வெளியே அனுப்பும் எச்டிஎம்ஐ போர்ட்) இணைந்திருக்கிறது. அதன் சிறு திரையில் ‘பிசிஎம் 2.0’, அதாவது சுருக்கப்படாத இரண்டு தட ஒலி, என்று காட்டியது. கன்சோல் சுருக்கப்படாத 5.1 ஒலியை அனுப்பினாலும், சாதாரண ஆர்க் வழியாகச் சுருக்கப்படாத ஒலி இரண்டு தடங்கள்தான் போகும். கன்சோலில் எச்டிஎம்ஐ ஒலியைப் பிட்ஸ்ட்ரீம், டால்பி டிஜிட்டல் என்று மாற்றியதும் ஐந்து பக்க ஒலி கிடைத்தது, ஆனால் சுருக்கப்பட்ட வடிவில். டிஸ்க்கில் இருக்கும் ட்ரூஎச்டி (டால்பியின் தரம் குறையாத ஒலி வடிவம்) தடம் இழப்பின்றி வர வேண்டுமானால் ஆர்க்கின் மேம்பட்ட வடிவமான இ-ஆர்க் தேவை. டிவியிலும் சவுண்ட்பாரிலும் அந்த வசதி இருந்தும் டிவி மெனுவில் அணைந்து கிடந்தது. அதை இயக்கி, கன்சோலின் புளூரே அமைப்பில் ஒலியைப் பிரித்தறியும் வேலையை ரிசீவருக்கே விடும் தேர்வுக்கு டிக் போட்டேன். இப்போது சவுண்ட்பாரில் ‘அட்மாஸ்’ என்று வருகிறது. மழைக் காட்சியில் சத்தம் தலைக்கு மேலிருந்து இறங்குகிறது, வசனம் நடுவில் தெளிவாக நிற்கிறது. சீரிஸ் எக்ஸில் ஆப்டிகல் ஒலி போர்ட் கிடையாது. பழைய ஆம்பிளிஃபயர் வைத்திருப்பவர்கள் டிவியின் ஆப்டிகல் வழியாகத்தான் போக வேண்டும்.

டிவிடிகள் ஓடுகின்றன. எதிர்பார்ப்பைத்தான் சற்றுக் குறைத்துக்கொள்ள வேண்டும். 720 × 576 புள்ளிகள் கொண்ட டிவிடி படத்தை 3840 × 2160 திரையில் விரித்தால் டிஸ்க்கின் ஒரு புள்ளிக்குத் திரையில் சரியாக 20 புள்ளிகள். டிவியின் கூர்மையை ஏற்றினால் இல்லாத நுணுக்கம் வராது, விளிம்புகளில் வெள்ளைக் கோடுதான் வரும். நாற்காலியை ஒரு மீட்டர் பின்னால் தள்ளியதே நல்ல பலன் தந்தது. 25 பிரேம் முறையில் பதிந்த டிவிடிகளில் படம் நான்கு விழுக்காடு வேகமாக ஓடும். 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடிந்துவிடும், குரலும் ஒரு நூல் உயர்ந்து கேட்கும். அது டிஸ்க்கிலேயே அப்படிப் பதிந்தது, கன்சோலில் திருத்த ஒன்றுமில்லை.

யுஎஸ்பி டிரைவில் வைத்திருக்கும் சொந்த வீடியோக்களுக்கு வி.எல்.சி. செயலி நன்றாக இருக்கிறது. ஓர் எச்சரிக்கை: 128 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட யுஎஸ்பி 3 டிரைவைச் செருகினால், விளையாட்டுக்காக ஃபார்மட் செய்யவா என்று கன்சோல் கேட்கும். மீடியாவுக்கு என்ற தேர்வை அழுத்துங்கள்; மற்றதை அழுத்தினால் உள்ளே இருப்பது அத்தனையும் அழிந்துவிடும். ஃபேட்32 வடிவில் உள்ள டிரைவில் 4 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட கோப்பு ஏறாது. தமிழ் வசன வரிகள் கட்டங்களாகத் தெரிந்தால் அந்தக் கோப்பை யுடிஎஃப்-8 வடிவில் மீண்டும் சேமியுங்கள்.

டிஸ்க்கா, ஸ்ட்ரீமிங்கா என்று கேட்டால் இரண்டையும் ஒரே படத்தில் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டிப் பார்த்துச் சொல்கிறேன். சீரிஸ் எக்ஸ் ஸ்ட்ரீமிங் செயலிகளில் எச்டிஆரின் மேம்பட்ட வகையான டால்பி விஷனைத் தரும். 4கே டிஸ்க்கில் அடிப்படை வகையான எச்டிஆர்10 மட்டும்தான். காகிதத்தில் ஸ்ட்ரீமிங் முன்னால் நிற்கிறது. திரையில் டிஸ்க்தான் வென்றது. 4கே ஸ்ட்ரீமிங்குக்கு நொடிக்கு 15 மெகாபிட் இணைப்பு போதும் என்கிறார்கள். 4கே டிஸ்க் நொடிக்கு 128 மெகாபிட் வரை போகலாம். புகை மெல்லக் கலையும் காட்சியில் வித்தியாசம் தெரிந்தது. ஸ்ட்ரீமிங்கில் புகை படிக்கட்டுப் பட்டைகளாகப் பிரிந்தது, டிஸ்க்கில் அது புகையாகவே இருந்தது. அதோடு டிஸ்க் தவறாமல் 24 ஹெர்ட்ஸுக்கு மாறுகிறது. ஸ்ட்ரீமிங் செயலிகளில் சில மாறுகின்றன, சில 60-லேயே நிற்கின்றன. தகவல் பட்டனை அழுத்திப் பார்த்துக்கொள்வது நல்லது.

சத்தம் பற்றி ஒரு வரி. டிஸ்க் செருகியதும் முதல் சில விநாடிகள் டிரைவ் உரக்கச் சுழலும், பிறகு அடங்கிவிடும். மௌனமான காட்சிகளில் கன்சோலுக்கு அருகில் உட்கார்ந்தால் மெல்லிய சுழற்சி கேட்கும். மூன்று மீட்டர் தள்ளி எனக்குக் கேட்கவில்லை.

கன்ட்ரோலரை வைத்துப் படத்தை நிறுத்துவதும் தொடர்வதும் வசதியாக இல்லை. 15 நிமிடம் தொடாமல் இருந்தால் அது அணைந்துவிடும். அழைப்பு மணி அடித்ததும் படத்தை நிறுத்த வேண்டுமென்றால் முதலில் கன்ட்ரோலரை உயிர்ப்பித்துக் காத்திருக்க வேண்டும். இருட்டில் எது எந்தப் பட்டன் என்றும் தடவ வேண்டியிருக்கிறது. மீடியா ரிமோட் ஒன்று வாங்கினேன். கன்ட்ரோலர் இரண்டு ஏஏ பேட்டரியில் ஓடுவது. ரீசார்ஜ் செய்யும் நான்கு பேட்டரிகள் வாங்கி இரண்டிரண்டாக மாற்றிக்கொள்கிறேன். கேபிள், ரிமோட், பேட்டரி, இவ்வளவுதான் கூடுதல் செலவு. மீதியெல்லாம் மெனுக்களுக்குள் கிடந்தவை.

இன்னொரு முறை இதைச் செய்தால் வரிசையை மாற்றுவேன். முதலில் கேபிளை அளந்து வாங்கிவிட்டுத்தான் கன்சோலை இணைப்பேன். அடுத்து டிவி போர்ட்டை முழுதாக ஆரம்ப நிலைக்குக் கொண்டுவந்து, மேம்பட்ட சிக்னல், கறுப்பு நிலை, இ-ஆர்க் மூன்றையும் முடிப்பேன். அதன் பிறகு கன்சோலில் 24 ஹெர்ட்ஸ். அதன் பிறகே முதல் டிஸ்க். சோதனைக்கு விறுவிறுப்பான சண்டைக் காட்சியைத் தேர்ந்தெடுக்க மாட்டேன். அதில் எந்தக் குறையும் மறைந்துவிடும். ஓர் இரவுக் காட்சி, ஒரு மெதுவான பக்கவாட்டு நகர்வு, கடைசியில் மேலேறும் பெயர்ப் பட்டியல், இந்த மூன்றும் போதும். அலமாரியின் பின்பலகையில் 10 செ.மீ. அகலத்துக்கு ஒரு வெட்டு எடுத்து, கேபிள்கள் வளையாமல் நேராக வெளியே போகும்படி செய்யும் வேலை இன்னும் பாக்கி. ரம்பம் எடுத்து வைத்திருக்கிறேன்.